குமரி மாவட்டத்தில் செல்போன் ரேஞ்ச்: கோடு நிறைய இருந்தும் நெட் ஓடாதது ஏன்?

"நாலு கோடு காட்டுது மக்கா, ஒரு போட்டோ போகமாட்டேங்குது." லீவுக்கு ஊர் வரும் எல்லோர் காதிலும் விழும் குறை இது. கடற்கரையில் இதற்கு ஒரு காரணம், மலையோரத்தில் வேறு காரணம். எது என்று பார்க்காமல் சிம்மை மாற்றுவதும், வெளிநாட்டிலிருந்து பூஸ்டர் வாங்கி வருவதும் வீண் செலவு.

கோட்டை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். ஐபோனில் *3001#12345#* அழுத்தி டயல் செய்தால் அளவுகள் தெரியும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* போதும். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் அலை எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பது. -90 நல்லது, -110க்கும் கீழே இறங்கினால் பேச்சு அறுபடத் தொடங்கும். எஸ்ஐஎன்ஆர் என்பது அந்த அலை மற்ற இரைச்சலிலிருந்து எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்பது. 15க்கு மேல் இருந்தால் நிம்மதி. பூஜ்யத்தை ஒட்டினால் கோடு எத்தனை இருந்தும் பயனில்லை.

கன்னியாகுமரி முக்கடல் பக்கம் விடியற்காலையில் இரண்டு எண்ணும் ஓரளவு நன்றாகவே இருக்கும், நெட் மட்டும் நகராது. அங்கே தட்டுப்பாடு கொள்ளளவில். 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் ஓடும் ஒரு 4ஜி செக்டார் (டவர் ஒரு திசைக்கு அலை வீசும் பகுதி) நடைமுறையில் சராசரியாகத் தருவது ஏறத்தாழ 15 எம்பிபிஎஸ். அதை அந்தப் பக்கம் நிற்கும் அத்தனை பேரும் பங்கிட வேண்டும். சபரிமலை சீசன் கூட்டம் ஒரு பக்கம், 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம், எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ ஏற்றுகிறார்கள். மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களிலும் இதே கதை. புது அலைவரிசை சேர்ப்பது, மூன்று செக்டாரை ஆறாகப் பிரிப்பது, திருவிழாவுக்கு வண்டியில் தற்காலிக டவர் கொண்டுவந்து நிறுத்துவது, இவைதான் இதற்கு மருந்து. கூட்டம் இல்லாத நேரத்திலும் அதே இடத்தில் வேகம் இல்லையென்றால், டவருக்குப் பின்னால் வரும் ஃபைபரோ மைக்ரோவேவ் இணைப்போ போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் நிலைமை வேறு. ரப்பர் மரம் இலை உதிர்க்கும் ஜனவரி, பிப்ரவரியில் வீட்டுக்குள் ரேஞ்ச் கொஞ்சம் கூடும், தளிர் முற்றியதும் குறையும். நனைந்த இலை இன்னும் அதிகமாக அலையை விழுங்கும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தோப்பைத் தாண்டி ஓரளவு வரும். 2300உம் 3300உம் முதல் சில வரிசை மரங்களிலேயே தளர்ந்துவிடும். அதனால் மலையோரத்தில் 5ஜி விளம்பரத்தைப் பார்த்து சிம் எடுக்காதீர்கள். பக்கத்து டவரில் எந்தக் கம்பெனிக்குத் தாழ்ந்த அலைவரிசை இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் வாங்கிய போன் அந்த பேண்டுகளை எடுக்குமா என்பதையும் கிளம்பும் முன்பே பார்ப்பது நல்லது.

மேடும் பள்ளமுமான ஊரில் இன்னொரு தொல்லை, தூரத்து மேட்டில் நிற்கும் டவர் எல்லை மீறிப் பாய்வது. ஆன்டெனா 40 மீட்டர் உயரத்தில் இருந்து 2 டிகிரி மட்டும் சாய்ந்திருந்தால், கதிரின் நடு சம தரையில் 1.1 கிலோமீட்டர் தள்ளித்தான் விழும். 5 டிகிரி சாய்த்தால் 450 மீட்டரில் விழும். சாய்வு போதாத டவர் பக்கத்து டவர்களின் பகுதிக்குள் இரைச்சலாக நுழைகிறது. ஆர்எஸ்ஆர்பி -85, எஸ்ஐஎன்ஆர் 1 என்று காட்டும் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சாய்வைத் திருத்த டவர் ஏறக்கூட வேண்டாம், பல இடங்களில் அலுவலகத்திலிருந்தே மாற்றலாம். செலவில்லாத இந்த வேலை நடக்காமல் கிடப்பதுதான் வேதனை.

குளச்சலிலிருந்து வள்ளத்தில் போகிறவர்களுக்குக் கோடு தெரியும், கால் போகாது. டவர் 40 வாட்டில் பேசுகிறது, போன் பதில் சொல்வது 0.2 வாட்டில். தவிர, 4ஜியின் வழக்கமான அமைப்பில் சுமார் 14 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வரும் அழைப்புக் கோரிக்கையை டவர் ஏற்காது. கடலோர டவர்களில் இந்த வரம்பைக் கூட்டி அமைக்க வழி இருக்கிறது.

பூஸ்டர் விஷயத்தில் தயவுசெய்து கேளுங்கள். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். மாடியில் இருக்கும் ஆன்டெனாவும் வீட்டுக்குள் இருப்பதும் நெருங்கிவிட்டால் பூஸ்டர் தன் அலையையே தான் பெருக்கி ஊளையிடும். அந்த இரைச்சலில் டவரின் காது அடைபட்டு, செக்டாரின் ஓரத்தில் இருக்கும் வீடுகளுக்குத்தான் முதலில் கால் அறுபடும். அதில் ஒரு வீட்டில் ஆம்புலன்சுக்கு யாராவது போன் செய்துகொண்டிருக்கலாம்.

அலையைத் தடுக்கும் தகடு கூரையும் ஜன்னலில் கூலிங் கிளாஸும் போட்ட வீட்டுக்கு ஃபைபர் இணைப்பும் வைஃபை காலிங்கும்தான் சரி. போன் செட்டிங்கில் அதை ஆன் செய்தால் போதும், தனி ஆப் வேண்டாம். ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், கரன்ட் போனாலும் அம்மாவின் போன் அடிக்கும்.

புகாருக்கு 198. "சிக்னல் இல்லை" என்று மட்டும் சொன்னால் சிம்மைக் கழற்றிப் போடச் சொல்வார்கள். இடம், நேரம், இரண்டு அளவுகள், எந்த டவர் செக்டார் என்று காட்டும் திரையில் தெரியும் செல் ஐடி, இவற்றைச் சொல்லி புகாருக்கான டாக்கெட் எண் வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். நீங்கள் அதற்குள் விமானம் ஏறிவிடுவீர்கள் என்பதால், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரையே புகார் கொடுக்க வையுங்கள்.