கிளுவை வேலி எல்லை ஆகாது: கொறங்காட்டோடு தோட்டத்துச் சாளை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் வரும் விற்பனை விளம்பரங்களில் இது ஒரு வகை: "பழைய தொட்டிக்கட்டு வீடு, தென்னந்தோப்பு, வற்றாத கிணறு, மாடு மேய்க்கக் கொறங்காடு, மொத்தம் 12 ஏக்கர், சுற்றிலும் கிளுவை வேலி." சாளை என்றால் தோட்டத்து வீடு, கொறங்காடு என்றால் வேலி போட்ட மேய்ச்சல் காடு. அப்படி ஒரு சாளைக்கு முன்பணம் கொடுத்து மாட்டிக்கொண்ட கணக்கு இது. விற்றவர் பெயரும் தரகர் பெயரும் இங்கே வேண்டாம். ஆள் மாறும், முறை மாறாது.

வேலிக்குள் 12 ஏக்கர் இருந்தது உண்மைதான். பட்டாவில் இருந்தது 3.80.5 ஹெக்டேர், அதாவது 9 ஏக்கர் 40 சென்ட். மீதி 2 ஏக்கர் 60 சென்ட் அ-பதிவேட்டில் (ஊரின் நிலங்களை எல்லாம் வகைப்படுத்தி எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு) 'மேய்க்கால் புறம்போக்கு'. கொறங்காடு தனியார் பட்டா பூமி, மேய்க்கால் அரசு நிலம். இரண்டிலும் அதே கொழுக்கட்டைப்புல், அதே வெள்வேல மரம், அதே சரளை மண். நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது. எந்தக் காலத்திலோ போட்ட வேலி இரண்டையும் சேர்த்து வளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டதற்கு ஒரு ரசீதுக் கட்டைக் காட்டினார்கள். "வருசா வருசம் சர்க்காருக்கு வரி கட்டிட்டுத்தானுங்க இருக்கறோம்." அத்தனையும் பி மெமோ. பி மெமோ என்பது 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் ஆக்கிரமித்தவருக்குப் போடும் அபராத நோட்டீஸ். அதைக் கட்டினால் நிலம் தன்னுடையது அல்ல என்று ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நீண்ட கால அனுபவம், கட்டடத்துக்குச் செய்த செலவு எதையும் சாக்காக ஏற்கக் கூடாது என்றும் சொன்னது. ஆக, அந்த 2.60 ஏக்கருக்குக் கொடுக்கும் பணம் காற்றோடு போனது மாதிரி.

இதைக் கண்டுபிடிக்க வக்கீல்கூட வேண்டியதில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட (நில அளவு வரைபட) நகல் எல்லாம் அரசின் இணைய சேவையிலேயே பார்க்கலாம். விற்பவர் தரும் புல எண்களை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒட்டியிருக்கும் எண்களையும் அ-பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். மேய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, தரிசு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு முன்பணத்துக்கு முன்பே சர்வேயரை வைத்து அளக்க வேண்டும். வேலியைப் பிடித்து அளக்கக் கூடாது, புலப்படத்தில் உள்ள கற்களைத் தேடிப் பிடித்து அளக்க வேண்டும். "கல்லு எங்கியோ புதைஞ்சு போச்சுங்க" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது தடம். சாளைக்குப் போகும் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) புலப்படத்தில் இருந்தால் கவலையில்லை. இங்கே கடைசி 200 அடி பங்காளியின் பூமியில் போனது. இத்தனை நாள் அண்ணன் தம்பி என்பதால் விட்டிருக்கிறார், வெளியாள் வாங்கினால் படலைச் சாத்துவார். மாமூல் வண்டித்தடத்தில் போக வரப் பாத்தியம் உண்டு என்று தாய்ப்பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பங்காளியிடமே பத்திரம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கிணறும் முழுக்கிணறு இல்லை, மூன்றில் ஒரு பாகம். மூன்று நாளைக்கு ஒரு நாள்தான் தண்ணீர் முறை. பார்க்கப் போன அன்று கிணறு நிறைந்திருந்ததற்குக் காரணம், முந்தைய இரண்டு நாளும் யாரும் மோட்டார் போடவில்லை. 5, 6 மணி நேரம் ஓடவிட்டு, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, திரும்ப ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். இலவச விவசாய மின் இணைப்பு, இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. அதிலிருந்தே வீட்டுக்கும் வயர் இழுத்திருந்தார்கள். அது முறைகேடு, பிடிபட்டால் புதிதாகக் குடியேறியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மேய்ச்சலுக்கு வருவோம். நிலத்தைக் காட்டியது கார்த்திகையில். ஐப்பசி மழைக்குப் பிறகு இந்தப் பக்கம் எந்தச் சரளைக்காடும் பச்சையாகத்தான் இருக்கும். பச்சையைப் பார்க்காதீர்கள், தூரை, அதாவது புல்லின் அடிக்கட்டையைப் பாருங்கள். கொழுக்கட்டைப்புல் பல்லாண்டுப் புல். கெட்டியான பழைய தூர் நெருக்கமாக இருந்தால் கோடையில் காய்ந்தாலும் மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். இங்கே தூரே அருகிப் போயிருந்தது. விற்பதென்று முடிவெடுத்ததும் ஆட்டுக்காரருக்குக் குத்தகை விட்டு, புல் விதை கட்டும் முன்பே மொட்டையடிக்க விட்டிருக்கிறார்கள். பச்சையாகத் தெரிந்ததெல்லாம் பார்த்தீனியமும் ஒரு மழைக்கு வந்து போகும் களையும்தான். திரும்பப் புல் பிடிக்க எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை வேண்டும். அன்று உருவிய விதையைத் தூவினால் சரியாக முளைக்காது, சில மாதம் கிடந்த பழைய விதைதான் வேண்டும். வேர் பிடிக்கும் வரை மாட்டை உள்ளே விடவும் முடியாது. முடிந்தால் பங்குனி, சித்திரையில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

அந்தக் குத்தகை வில்லங்கச் சான்றில் வராது. ஓராண்டுக்கு மேற்படாத குத்தகையைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டியில் ஆடு அடைத்திருந்தால் அது யாருடையது, எதுவரை பேச்சு என்று ஆட்டுக்காரரிடமே கேளுங்கள். தரகர் சொல்வதைவிட அது நம்பகம்.

வீட்டில் புதுச் சிமெண்டுப் பூச்சும் பெயிண்டும் இருந்தால் மகிழ வேண்டாம். மண் சுவரில் சிமெண்டைப் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் அடிச்சுவர் பொரிந்து உதிரும். கைமரமும் விட்டமும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் முதலில் தின்பது அந்த முனையைத்தான். முன்பணம் வாங்கிய பிறகு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) இருந்த இரண்டு மரத்தூண்களும் நிலைக்கதவும் காணாமல் போயின, அங்கே செங்கல் தூண் நின்றது. தூண், கதவு, ஓடு, மோட்டார், தென்னை, வெள்வேல மரம் எல்லாவற்றையும் எண்ணி, போட்டோவோடு ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தால் கேட்க வழி இருந்திருக்கும்.

கடைசியாகக் கையெழுத்து. பூர்வீகச் சொத்துக்கு அண்ணன் தம்பி மட்டும் வந்து நின்றார்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் நாடு முழுக்க 2005 திருத்தமும் பெண்களுக்குப் பங்கு கொடுத்த பிறகு, "சீர் செஞ்சு அனுப்பிச்சாச்சுங்க" என்பது பதில் ஆகாது. சகோதரிகள் விற்பனையில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். தாய்ப்பத்திரத்தின் அசலைக் கேட்டால் நகல் மட்டும் வருகிறதா? அசல் எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கைமாறியது 20 ரூபாய் பத்திரத்தில், பதிவு செய்யாத ஒப்பந்தத்தின் பேரில். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாத காகிதத்தை வைத்துக்கொண்டு நிலத்தைக் கேட்பது பெரும்பாடு. பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுக் கெடு. அதற்கும் வங்கி வழியாகக் கொடுத்த பகுதிக்குத்தான் தடயம் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்ததற்கும் தரகர் கமிஷனுக்கும் ரசீதே கிடையாது.