ஹத்தா என்று சொல்லி வேறெங்கோ இறக்கிவிட்டார்கள்: துபாயில் மலைச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் கவனிக்க

வாட்ஸ்அப் குழுவில் வரும் விளம்பரத்தைப் பார்த்து, துபாய் எமிரேட்டின் மலைப்பகுதியான ஹத்தாவுக்கு மலைச் சைக்கிள் ஓட்டப் போகப் பணம் கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். நாங்கள் நாலு பேர் போனோம். 2,320 திர்ஹம் போனது. நான் முழங்கையில் ஏழு தையலோடு திரும்பினேன்.

துபாயின் தேரா பகுதியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் நாங்கள். எல்லோருக்கும் ஊரில் சைக்கிள் ஓட்டிய பழக்கம் உண்டு, மலைப்பாதையில் யாரும் ஓட்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்த விளம்பரம் வந்தது. ஆரஞ்சு நிறப் பாறைமேல் ஒருவர் சைக்கிளோடு நிற்கும் படம். ஆளுக்கு 280 திர்ஹம். வண்டி, சைக்கிள், ஹெல்மெட், கூடவே வழிகாட்டி, காலைச் சாப்பாடு. டெபாசிட் 300, மாலையில் திருப்பித் தரப்படும். கூப்பிட்டுக் கேட்டால் எதிர்முனையில் சுத்தமான தமிழ். “நம்ம ஊர்ப் பசங்க நாலு இடம் பார்க்கட்டும்னுதான் தம்பி இதை நடத்துறேன், லாபத்துக்கு இல்ல” என்றார். தமிழில் பேசுகிறார் என்பதாலேயே நாங்கள் வேறெதுவும் கேட்கவில்லை. பணத்தை அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பினோம். ரசீது கேட்டதற்கு “வாட்ஸ்அப் மெசேஜே ரசீதுதான்” என்றார். சரி என்று விட்டோம்.

அக்டோபர் இரண்டாம் வாரம். காலை ஐந்தரைக்கு வரவேண்டிய வேன் ஆறே முக்காலுக்கு வந்தது. ஓட்டுநர் மட்டும்தான் இருந்தார். வழிகாட்டி ஹத்தாவில் நிற்பார் என்றார். பிறகு இ 44 சாலையைப் பிடித்து நேராகப் போனார். அந்தச் சாலை நடுவில் ஓமான் நிலப்பகுதிக்குள் புகுந்து போகிறது. அங்கே சோதனைச் சாவடி இருக்கிறது. வளைகுடா நாட்டுக் குடிமக்கள் அல்லாதவர்களை அவ்வழியே விடமாட்டார்கள். இது பல வருடமாக உள்ள நடைமுறை. நம்மைப் போன்றவர்கள் மலீஹா பக்கம் போய் இ 102 வழியாகத்தான் ஹத்தா போகவேண்டும். ஹத்தாவுக்கு வாரா வாரம் ஆள் கூட்டிப்போகிறேன் என்று சொல்பவருடைய ஓட்டுநருக்கு இது தெரியவில்லை. சாவடியில் எங்களைத் திருப்பி அனுப்பியபோதே நாங்கள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சுற்றிக்கொண்டு வந்ததில் மணி ஒன்பதரை ஆகிவிட்டது. சாலையை விட்டு இறங்கி, காய்ந்த ஆற்றுப் படுகை ஒன்றில் வேனை நிறுத்தினார். இங்கே அதை வாதி என்பார்கள். “இதுவும் ஹத்தாதான்” என்றார். நண்பன் போனில் மேப் எடுத்துப் பார்த்தான். ஹத்தா இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அந்தத் தமிழ் பேசும் ஆளைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஓட்டுநர் சைக்கிள்களை இறக்கி, ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு கொடுத்து, “ஒரு மணிக்கு வருகிறேன்” என்று போய்விட்டார். வழிகாட்டி யாரும் கிடையாது. காலைச் சாப்பாடு, ஆளுக்கு ஒரு கிரீம் பன்.

இப்போது சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் அமைப்பு, உள்ளது என்று விளம்பரத்தில் இருந்தது. வந்தவை முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள பழைய வண்டிகள். அதிலும் என்னுடையதில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அழுத்தினால் இறங்குமே தவிர மேலே எழும்பவில்லை. இது வசதிக் குறைவு, பொறுத்துக்கொள்ளலாம். பிரேக்கைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

கரையோரம் ஒரு மேட்டில் ஏறி, சரளைக்கல் சரிவில் இறங்கினேன். வேகம் கூடியதும் வலது லீவரைப் பிடித்தேன். அது எந்தத் தடையும் இல்லாமல் போய்க் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. பின் சக்கரம் பிடிக்கவே இல்லை. பயத்தில் இடது லீவரை முழுதாக இறுக்கினேன். நம் ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலது கைதான் முன் பிரேக். இந்த வண்டியில் இடது கை. முன் சக்கரம் அப்படியே நின்றது, நான் கைப்பிடியைத் தாண்டிப் பறந்து ஒரு முள்மரத்தின் அடியில் விழுந்தேன். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. இடது முழங்கை ஒரு கல் விளிம்பில் கிழிந்தது. அந்த மலைக்கல் நம் ஆற்றுக் கூழாங்கல் போல உருண்டை கிடையாது, உடைந்த ஓடு போல விளிம்பு இருக்கும்.

நண்பன் என் வண்டியைத் திருப்பிப் பார்த்தான். பின் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வும் பாகத்தின் மேல் எண்ணெய் கசிந்து, அதில் மண் ஒட்டி, கறுப்புப் பிசுக்காக இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினால் தார் மாதிரி வந்தது. அது அன்று காலையில் ஏற்பட்ட கசிவு இல்லை. எத்தனையோ பேர் அதே வண்டியில் எனக்கு முன்னால் போயிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருவது பணத்துக்காக இல்லை, இதற்காகத்தான்.

இன்னொரு வண்டியில் முள் குத்திப் பஞ்சர். பையில் பம்ப் இருந்தது. ஆனால் டியூபில் இருந்தது மெல்லிய பிரெஸ்டா வால்வு, பம்போ கார் டயருக்கு உள்ள தடித்த வால்வுக்கானது. மாற்று டியூப் இல்லை. போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. துண்டால் கையைக் கட்டிக்கொண்டு, சைக்கிள்களைத் தள்ளியபடி தார்ச்சாலைக்கு நடந்தோம். வெயில் நாற்பதை ஒட்டி இருந்திருக்கும். தண்ணீர் தீர்ந்துவிட்டது. அந்த வழியாகப் பிக்கப்பில் வந்த இந்நாட்டுக்காரரான ஓர் எமிராத்தி பெரியவர் நிறுத்தி, ஒரு பெட்டித் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு மருத்துவரிடம் விட்டுப் போனார். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மாலையில் டெபாசிட் கேட்டோம். “டயர் கிழிந்திருக்கு, ஹேண்டில்பார் வளைந்திருக்கு, டெபாசிட்டே பத்தாது தம்பி, மேற்கொண்டு நீங்கதான் தரணும்” என்றார் அதே ஆள். பிரேக் படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பிறகு எங்களை பிளாக் செய்துவிட்டார். கடை உரிமம் எண் கிடையாது, பில் கிடையாது, பணம் போனது தனிநபர் கணக்குக்கு. நுகர்வோர் புகார் கொடுக்க உட்கார்ந்தால் நிறுவனத்தின் பெயர் என்ற இடத்தில் எழுத எங்களிடம் எதுவும் இல்லை.

அதற்காக மலைச் சைக்கிளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காயம் ஆறியதும் டிசம்பரில் நாங்களே வாடகைக் கார் எடுத்து ஹத்தா போனோம். அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் நாங்கள் எதை இழந்தோம் என்று புரிந்தது. பாதைகளில் ஓட்டக் கட்டணமே கிடையாது. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கு ஏற்றபடி நிறம் பிரித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். பச்சை எளிது, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. சைக்கிள் வாடகை மட்டும் ஹத்தா வாதி ஹப் என்ற சுற்றுலா மையத்தில் கட்டினோம். அது குளிர்காலத்தில் மட்டும் திறந்திருக்கும், கோடையில் மூடிவிடுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது. கருத்த பழுப்பு மலைக்கு நடுவே நீலப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. நானும் மெதுவாக, பிரேக்கை இரண்டு முறை சோதித்துவிட்டு ஓட்டினேன்.

முதல்முறை போகிறவர்கள் நேராக ஹத்தா போகவேண்டியதில்லை. துபாய்க்குள்ளேயே முஷ்ரிஃப் பூங்காவில் காஃப் என்னும் பாலைவன மரங்களுக்கு நடுவே மலைச் சைக்கிள் பாதை இருக்கிறது; கை பழக அது போதும். ராஸ் அல் கைமாவில் ஷோக்கா அணைப் பக்கம் சொந்தச் சைக்கிள் உள்ளவர்கள் அதிகம் போகிறார்கள். அல் குத்ராவை மலைச் சைக்கிள் இடம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அது சமதரையில் போடப்பட்ட தார்ப்பாதை, ரோட் சைக்கிளுக்கு உரியது. மணல்மேட்டில் மலைச் சைக்கிள் என்று வரும் விளம்பரமும் அப்படித்தான். சாதாரண மலைச் சைக்கிள் டயர் மணலில் புதையும். அதற்கு அகலமான டயர் உள்ள ஃபேட் பைக் வேண்டும். பாலைவன நாடு என்றாலும் இந்த விளையாட்டு இங்கே நடப்பது பாறை மலையில்தான். அப்புறம் ஓமானில் ஜெபல் அக்தர் மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்பவர் எந்த வண்டியில் என்று கேளுங்கள். மலையடிவாரத்துச் சாவடியில் ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியை மேலே விடமாட்டார்கள்.

வாதிக்குள் யார் இறக்கிவிட்டாலும் இறங்காதீர்கள். எங்கோ மலையில் பெய்த மழை நீங்கள் நிற்கும் இடத்துக்கு வெள்ளமாக வரும். மழை நேரத்தில் பள்ளத்தாக்கு, அணைப் பக்கம் கூடி நின்றால் 1,000 திர்ஹம் அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் 6 கரும்புள்ளியும் என்று 2023இல் விதி கொண்டுவந்திருக்கிறார்கள்.

சைக்கிளை வாங்கும் இடத்திலேயே இரண்டு லீவரையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். எது முன், எது பின் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், கிழிசல் எல்லாவற்றையும் அவர் கண்முன்னால் போனில் வீடியோ எடுங்கள். மாற்று டியூபும், வால்வுக்குப் பொருந்தும் பம்பும் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் நீங்களே எடுத்துப் போங்கள். எமிரேட்ஸ் ஐடி அட்டையை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். விபத்து என்றால் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998. அன்று எங்களுக்கு இந்த இரண்டாவது எண் தெரியவில்லை.

போன வாரம் இன்னொரு குழுவில் அதே ஆரஞ்சுப் பாறைப் படத்தோடு விளம்பரம் வந்தது. ஹத்தாவில் அந்த நிறத்தில் பாறையே நான் பார்க்கவில்லை. பெயரும் எண்ணும் வேறு. ஆளுக்கு 250, டெபாசிட் 300.