வேலூர் வெயிலில் ஃப்ரெஞ்ச் 75: நாசிக் ப்ரூட் தேறுமா?

ஜின், எலுமிச்சை, குமிழி ஒயின் சேரும் ஃப்ரெஞ்ச் 75 காக்டெயிலைக் கலக்க அசல் ஷாம்பெயின் வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். இந்தக் கலவையில் ஷாம்பெயினின் நுணுக்கமெல்லாம் அமுங்கிப்போகும். கொடுத்த காசு வீண். நாசிக்கில் தயாராகும் சூலா ப்ரூட் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். இதுவும் ஷாம்பெயினைப் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைத்த ஒயின்தான். அதனால் குமிழி பொடியாக, விடாமல் எழும். வெறும் ஒயினில் காஸ் ஏற்றிய சரக்கில் இந்த நுரை வராது.

எந்தக் கம்பெனி ஆனாலும் லேபிளில் 'ப்ரூட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை என்று அதற்குப் பொருள். 'டெமி செக்' என்றால் 32 முதல் 50 கிராம் வரை போகும். அதன்மேல் சர்க்கரைப் பாகும் சேர்ந்தால் திகட்டிவிடும். கடையில் வெறுமனே 'ஒயின்' என்று கேட்டால் குமிழியில்லாத, இனிப்பான போர்ட் ஒயின் கைக்கு வரலாம். அது இதற்கு ஆகாது.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவு இது: ஜின் 30 மில்லி, லெமன் சாறு 15, சர்க்கரைப் பாகு 15, ஷாம்பெயின் 60. முதல் உலகப்போரில் பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்திய 75 மில்லிமீட்டர் பீரங்கியின் பெயர்தான் இந்தப் பானத்துக்கும். இந்த அளவை அப்படியே வேலூரில் பின்பற்றினால் புளிப்பு தூக்கலாகிவிடும். நேதாஜி மார்க்கெட்டில் நாம் வாங்கும் எலுமிச்சை மேல்நாட்டு லெமன் அல்ல, லைம்; புளிப்பும் வாசனையும் கூடுதல். சாற்றை 11 அல்லது 12 மில்லியோடு நிறுத்துங்கள். தோல் மெலிந்த, கையில் கனக்கும் பழமாகப் பொறுக்கினால் ஒன்றே போதும். கலக்கும் நேரத்தில்தான் பிழிய வேண்டும். காலையில் பிழிந்து வைத்த சாறு சாயங்காலத்துக்குள் கசப்புத் தட்டும். டீ வடிகட்டியில் வடிகட்டாமல் ஊற்றவே கூடாது. சாற்றில் மிதக்கும் சக்கையைப் பற்றிக்கொண்டுதான் நுரை பொங்கி வழிகிறது.

பாகுக்கு 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர். சர்க்கரை கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் வரை விட்டால், குளிர்ந்த கிளாஸில் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. இருமல் மருந்தோடு வரும் மூடியில் 5, 10, 15 மில்லி கோடுகள் இருக்கும், நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டிலைக் குளிர வைப்பதில்தான் பாதி வெற்றி. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இதை அலட்சியமாக விட முடியாது. ஒயின் 6 முதல் 8 டிகிரிக்கு வர வேண்டும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு மணி நேரம் படுக்க வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு பிடி கல் உப்பு. கழுத்துவரை மூழ்கினால் 25 நிமிடம் போதும். வெறும் ஐஸில் செருகினால் இடையிலிருக்கும் காற்று குளிரைத் தடுக்கும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். மறந்துவிட்டால் உறைந்து வெடிக்கும்.

உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கம்பி வலையைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலின் அடிப்பாகத்தைத் திருப்புங்கள். கார்க்கைத் திருகினால் அது கையை மீறிப் பாயும். 'புஸ்' என்று மூச்சு விடுவதுபோல் திறந்தால் காஸ் உள்ளேயே நிற்கும். 'டப்' என்று அடித்தால் அந்தச் சத்தத்தோடு குமிழியும் போய்விட்டது என்று அர்த்தம்.

ஷேக்கர் இல்லாவிட்டால் வாயகன்ற ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டில் போதும். ஜின், சாறு, பாகு, ஆறேழு ஐஸ் கட்டி போட்டு 12 நொடி குலுக்குங்கள். வெளிப்பக்கம் வியர்த்து வெள்ளையாகப் பூத்ததும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் குலுக்கினால் தண்ணீர்தான் ஏறும். ஐஸுக்குக் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். நம் போர் தண்ணீரின் உப்பு ஜின்னை மீறி நாக்கில் தெரியும். ஒயினை எக்காரணம் கொண்டும் குலுக்கக்கூடாது. மூடி தெறிக்கும், மிஞ்சுவது சப்பென்ற புளிப்புத் தண்ணீர்.

குலுக்கியதைக் குளிர்ந்த ஃப்ளூட் கிளாஸில் (உயரமான, ஒடுங்கிய கிளாஸ்) வடித்துவிட்டு, சுவரோரமாக ஒயினை 60 மில்லி வரை ஊற்றுங்கள். முதலில் கொஞ்சம், நுரை அடங்கியதும் மீதி. ஸ்பூனால் ஒரே ஒரு முறை கீழிருந்து மேலே தூக்கிவிட்டால் போதும். சூலா ப்ரூட்டின் இனிப்பு குறைந்த வறட்டுச் சுவைக்குப் பாகு 15 மில்லி சரியாகவே இருக்கிறது, குறைக்க வேண்டியதில்லை. இந்தப் பானத்தில் சேர்க்க சூலா ப்ரூட்டுக்குப் பத்துக்கு எட்டு கொடுப்போம்.

லெமனேட் போல இறங்குவதால் ஏமாறாதீர்கள். 42.8 சதவீத ஜின்னும் 12 சதவீத ஒயினும் சேர்ந்தால் ஒரு கிளாஸில் ஒன்றரை ஸ்மால் சரக்கு இருக்கிறது. குடிக்காதவர்களுக்கு அதே சாறு, அதே பாகு, 90 மில்லி ஜில்லென்ற கோலி சோடா. பன்னீர் சோடா மட்டும் வேண்டாம், ரோஜா வாசனை எலுமிச்சையை விழுங்கிவிடும்.

கூடவே கடிக்க சூடான உளுந்து வடையோ உப்பு முந்திரியோ பொருந்தும். எண்ணெயைக் குமிழி துடைத்துவிடும். ஆம்பூர் பிரியாணியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மிளகாய்க் காரத்தோடு காஸும் ஜின்னும் சேர்ந்தால் நாக்கு எரியும். 750 மில்லி பாட்டிலில் 12 கிளாஸ் வரும். மீந்தால் ஷாம்பெயின் மூடி (காஸ் போகாமல் இறுக்கிப் பிடிக்கும் மூடி) போட்டு ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். கழுத்தில் ஸ்பூன் செருகி வைப்பதால் காஸ் நிற்காது.