தண்டையார்பேட்டையிலிருந்து கோவைக்கு: விமானமா, ரயிலா?

தங்கை ஆர்.எஸ்.புரத்தில் குடியேறியதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது சென்னையிலிருந்து கோவை போய்வருகிறோம். விமானம், வந்தே பாரத், சேரன் எக்ஸ்பிரஸ் மூன்றிலும் போய்ப் பார்த்தாயிற்று. இப்போது பெரும்பாலும் ரயில்தான்.

கட்டணத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கடைசி நேரத்து விமான டிக்கெட் கையைக் கடிக்கும்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 400 கி.மீ. மேலே போய்விட்டால் ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படியானால் அரை மணியில் முடிய வேண்டிய தூரம். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமாகிவிடுகிறது. ரயில் பாதை சுமார் 495 கி.மீ.; வந்தே பாரத்துக்கு ஆறு மணி நேரம் வேண்டும். அட்டவணையை மட்டும் பார்த்தால் விமானத்தில் போனால் நாலேமுக்கால் மணி நேரம் மிச்சம்.

ஆனால் நாங்கள் இருப்பது வட சென்னையில், தண்டையார்பேட்டையில். இங்கே மெட்ரோ ஏறினால் சென்ட்ரல் ஐந்தாவது நிலையம். அதே ரயிலில் உட்கார்ந்தபடியே இருந்தால் விமான நிலையம் பதினெட்டாவது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வரும் முன்பு கால் டாக்ஸிதான்; மாலை நேரத்தில் கிண்டியைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் வீட்டுப் படியிறங்கி டெர்மினல் வாசலை அடைய ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. பெட்டி போடுகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்பே அங்கே இருப்பது நல்லது. கோவையில் இறங்கினால் பெட்டிக்குக் காத்திருக்க வேண்டும், அப்புறம் பீளமேட்டிலிருந்து அவிநாசி சாலை நெரிசல். எங்கள் கணக்கில் வீட்டிலிருந்து வீட்டுக்கு ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

வந்தே பாரத்தில் அதே கணக்கு ஏழு மணி நேரம். கோவை ஜங்ஷனிலிருந்து தங்கை வீடு ஆட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆக, உண்மையில் மிச்சமாவது இரண்டு மணி நேரம். அதுவும் ஏறி, இறங்கி, வரிசையில் நின்று, காத்திருந்து துண்டு துண்டாகப் போகும் நேரம். ரயிலில் ஆறு மணி நேரமும் முழுசாகக் கையில் இருக்கிறது. ஜோலார்பேட்டை வருவதற்குள் அலுவலக வேலையை முடித்துவிடுவேன்.

சேரன் இன்னும் நல்லது. இரவு பத்து மணிவாக்கில் சென்ட்ரலில் ஏறிப் படுத்தால் விடிகாலையில் கோவை. பகல் பொழுது ஒன்றுகூடப் போகாது. என்ன, டிக்கெட் கிடைக்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கல், தீபாவளி என்றால் முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

விடிகாலை முதல் விமானத்தில் நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். அன்று சாலை காலியாக இருந்தது, டாக்ஸி பறந்தது. அந்த ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆலந்தூரில் இருப்பவர், பீளமேட்டில் வேலை உள்ளவர், கைப்பையோடு காலையில் போய் மாலையில் திரும்புகிறவர் என்றால் விமானத்தையே எடுங்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் ஆட்கள் முதலில் சேரனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த மாதம் அம்மாவையும் அழைத்துப் போகிறோம். அவருக்குக் கீழ் பெர்த் போட்டாயிற்று.