ஷூமன் வீட்டுக்கு ஒரு நாள் வேன் பயணம்: ஐந்துக்கு இரண்டரை

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்ட பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் பிறந்த, வாழ்ந்த இடங்களைப் பார்க்க, லக்சம்பர்க்கில் வேலை பார்க்கும் மகன் ஏற்பாடு செய்து கொடுத்த பயணம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வேன் சுத்தம், ஓட்டுநர் பொறுமைசாலி. குறையெல்லாம் வழிகாட்டியின் பேச்சிலும் நேரக் கணக்கிலும்தான்.

முதலில் லக்சம்பர்க் நகரத்தின் கிளாவுசன் பகுதி. ஷூமன் 1886-ல் பிறந்த வீட்டை வேன் கண்ணாடி வழியாகவே காட்டினார்கள். அப்பா பிரான்சின் கிழக்கு எல்லையில் உள்ள லொரேன் பகுதிக்காரர், 1871-ல் அந்தப் பகுதியை ஜெர்மனி பிடித்தபோது ஜெர்மானியராகிவிட்டவர். அதனால் லக்சம்பர்க்கில் பிறந்த பிள்ளையும் ஜெர்மன் குடிமகன். லொரேனின் மெட்ஸ் நகரில் வக்கீலாக உட்கார்ந்தபோதும் அப்படித்தான். முதல் உலகப்போர் முடிந்து லொரேன் பிரான்சிடம் திரும்பியதும் பிரெஞ்சுக்காரர் ஆனார், 1919-ல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே போனார். இந்தக் கதையை வழிகாட்டி தொடவே இல்லை. நான் முன்பே படித்திருந்தேன், தப்பித்தேன்.

எல்லையில் யாரும் நிறுத்தவில்லை. 'பிரான்சுக்கு வரவேற்கிறோம்' என்று போனில் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் நாடு மாறியதே தெரிந்தது. அப்போது வழிகாட்டி, "யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை என்றார் திருத்தூதர் பவுல், அதனால்தான் ஷூமன் நாடுகளைக் கரைத்தார்" என்றார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அதே பவுல் சாட்டையடிக்கு முன்னால் 'நான் உரோமைக் குடிமகன்' என்று சொன்னவர்தானே? ஷூமனும் யாரையும் தன் நாட்டை மறக்கச் சொல்லவில்லை. 1950 மே 9 அன்று அவர் கேட்டது, பிரான்சு, ஜெர்மனி இரண்டின் நிலக்கரியும் எஃகும் ஒரே பொது ஆணையத்தின் கீழ் வரட்டும் என்பது. பீரங்கி வார்க்க அவை இரண்டும் வேண்டுமே! அடுத்த ஆண்டு ஆறு நாடுகள் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடனாவர், இத்தாலியின் பிரதமர் டி காஸ்பெரி இருவரும் ஷூமனைப் போலவே கத்தோலிக்கர்கள். மூவருக்கும் ஜெர்மன் தெரியும். டி காஸ்பெரி ஒரு காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் வியன்னா நாடாளுமன்றத்தில் இருந்தவர். நான் இவ்வளவும் சொன்னேன். வழிகாட்டி தலையாட்டிவிட்டுப் பாட்டுப் போட்டார்.

மெட்ஸில் ஷாப்பிங்குக்கு இரண்டு மணி நேரம். மெட்ஸுக்குப் பக்கத்து ஊரான ஸி-ஷசெல்லில் ஷூமன் வாழ்ந்த வீட்டுக்கும் எதிரே அவரை அடக்கம் செய்திருக்கும் பழைய கோவிலுக்கும் சேர்த்து முப்பத்தைந்து நிமிடம்! ஒரு வெளியுறவு அமைச்சர் வீடு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு எளிமை. கல்லறையைக் காட்டி "புனிதர் ஷூமன்" என்றார் வழிகாட்டி. இன்னும் இல்லை ஐயா. 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் 'வணக்கத்துக்குரியவர்' என்றுதான் அறிவித்தார். புனிதருக்கு முந்தைய படியான அருளாளர் ஆகவே, அவர் பரிந்துரையால் ஒரு புதுமை (அற்புதம்) நடக்க வேண்டும்.

இந்த வேனுக்குக் கொடுக்கும் காசில் மெட்ஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். அடுத்த வாரம் மனைவியோடு அப்படித்தான் போகப் போகிறேன். ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கவாவது நேரம் கிடைக்கும்.