பத்து கட்ட யூரின் ஸ்ட்ரிப்: பீட்ரூட்டா, ரத்தமா?

மருந்துக்கடையில் "யூரின் ஸ்ட்ரிப் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் சில சமயம், சிறுநீரில் முக்கி நிறம் மாறுவதைப் பார்க்கும் பட்டைகளில் இரண்டு கட்டம் மட்டும் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது சர்க்கரையும் புரதமும் பார்க்கும், ரத்தம் பார்க்காது. சிறுநீர் சிவந்து போனதென்று வாங்க வருபவர் புட்டியில் ஒட்டியிருக்கும் வண்ண அட்டவணையில் 'பிளட்' வரிசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். இங்கே பேசுவது அந்த வரிசை உள்ள, 100 பட்டை கொண்ட பத்து கட்டப் புட்டியைப் பற்றி.

நீலகிரியில் இதற்குத் தனி வேலை ஒன்று உண்டு. கேத்தி, ஊட்டிப் பக்கம் பீட்ரூட் மலிவாகக் கிடைக்கும்போது பொரியலும் ஜூஸும் வீட்டில் அடிக்கடி வரும். சிலருக்கு, அதிலும் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு, அதன் சாயம் சிறுநீரில் இறங்கி இளஞ்சிவப்பாகத் தெரியும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு ஆரஞ்சுச் சிவப்பு. ரத்தமோ என்று பயந்து ஓடுபவர்களும் உண்டு, நிஜ ரத்தத்தை 'பீட்ரூட்தான்' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டாவது ரகம்தான் ஆபத்து.

ரத்தக் கட்டம் காய்ந்திருக்கும்போது மஞ்சள். ஹீமோகுளோபின் பட்டால் பச்சையாகி, அளவு கூடக்கூட கரும்பச்சை நீலத்துக்குப் போகும். பீட்ரூட் சாயத்துக்கு இந்தப் பச்சை வராது. சிவப்பணுக்கள் உடையாமல் இருந்தால் மஞ்சள் மேல் பச்சைப் பொட்டுகளாகத் தெரியும், உடைந்திருந்தால் ஒரே சீராகப் பரவும். சீரான பச்சை வந்து, மைக்ராஸ்கோப்பில் அணுக்களே இல்லையென்றால் தசை சிதைந்து வரும் மயோகுளோபினாகவும் இருக்கலாம். கனமான பொருளின் அடியில் சிக்கியவர், தாங்க முடியாத உழைப்புக்குப் பிறகு கரும்பழுப்பாகச் சிறுநீர் போகிறவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரகம் கெட்டுவிடும்.

முறை எளிது, ஆனால் அவசரத்தில் எல்லோரும் கெடுப்பது இதைத்தான். சுத்தமான, காய்ந்த டப்பா. பிளீச்சிங் தண்ணீரில் கழுவிய டப்பா வேண்டாம், ரத்தம் இல்லாமலே பச்சை காட்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் பார்ப்பது வீண். ஒரு மணி நேரத்துக்குள் சோதிப்பது நல்லது. அணுக்கள் அடியில் படிந்துவிடும் என்பதால் டப்பாவை மெல்லச் சுழற்றிவிட்டு, எல்லாக் கட்டமும் நனையும்படி பட்டையை முக்கி உடனே எடுங்கள். ஓரத்தை டப்பா விளிம்பில் இழுத்து, பக்கவாட்டில் டிஷ்யூவில் ஒற்றி, படுக்கைவாட்டில் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் ஒரு கட்டத்தின் ரசாயனம் அடுத்ததில் வழியும். ரத்தக் கட்டத்தைப் பெரும்பாலான பிராண்டுகளில் 60 விநாடியில் படிக்க வேண்டும், வெள்ளையணுக் கட்டத்தை 2 நிமிடத்தில். அதற்கப்புறம் மாறும் நிறத்துக்கு அர்த்தம் இல்லை. பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஊட்டியில் உறைபனிக் காலத்தில் வெளியே வைத்திருந்த மாதிரி சில்லிட்டுப்போயிருக்கும். குளிரில் வினை மெதுவாகும், அறை வெப்பத்துக்கு வந்த பிறகே முக்குங்கள்.

இந்தப் பொருளின் பெரிய எதிரி நம் ஊர் ஈரம்தான். கூடலூர், பந்தலூர் மழைக்காலத்தில் மூடி திறந்து கிடந்தால் பட்டை கெட ஆரம்பிக்கும். ஒன்றை எடுத்ததும் மூடிவிட வேண்டும், உள்ளிருக்கும் ஈர உறிஞ்சியைத் தூக்கிப் போடக்கூடாது, ஃபிரிட்ஜும் வேண்டாம். முக்காத பட்டையிலேயே, கிருமியைக் காட்டும் நைட்ரைட் கட்டம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்தப் புட்டியைக் குப்பையில் போடலாம். திறந்த தேதியைப் புட்டி மேலேயே எழுதி வையுங்கள். திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்பது லேபிளில் இருக்கும், வெளியே அச்சடித்த காலாவதித் தேதி மூடிய புட்டிக்குத்தான்.

இன்னொரு பொறி வைட்டமின் சி. மாத்திரையோ நெல்லிக்காய் ஜூஸோ நிறையக் குடித்தவருக்கு ரத்தம் இருந்தும் கட்டம் மஞ்சளாகவே நிற்கும். நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும்.

பச்சை வந்தால் அது காரணத்தைச் சொல்வதில்லை, லேபுக்குப் போ என்கிறது, அவ்வளவே. மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைப் புலத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் சிவப்பணு இருந்தால்தான் உறுதி. ஆனாலும் பக்கத்துக் கட்டங்கள் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். வெள்ளையணுவும் நைட்ரைட்டும் சேர்ந்து வந்து எரிச்சலும் இருந்தால் கிருமித் தொற்று. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குக் கொடுத்த பிறகே ஆன்டிபயாடிக், குணமான பின் மறுபடி ஒரு சோதனை. ரத்தத்தோடு புரதமும் ஏறி, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில், முகமோ காலோ வீங்கியிருந்தால் சிறுநீரக வடிகட்டியில் அழற்சி. பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து 1 முதல் 3 வாரத்தில், சொறிசிரங்குக்குப் பின் இன்னும் தள்ளி இது வரும். விலாவிலிருந்து கவட்டைக்கு இறங்கும் வலி என்றால் முதலில் நினைக்க வேண்டியது கல். குளிரில் தாகம் தெரியாது. கொழுந்து பறிக்கிற இடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். கல்லுக்கும் தொற்றுக்கும் அது நல்ல விளைநிலம்.

வலியே இல்லாமல் சிவந்து போவதுதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. 40 தாண்டியவர், பீடி சிகரெட் பிடிப்பவர் என்றால் ஒரே தடவை வந்து தானாக நின்றாலும் ஸ்கேனும், டாக்டர் சொன்னால் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியும் தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோய்க் கட்டி அப்படித்தான் விட்டு விட்டு ரத்தம் காட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் மாத்திரை மேல் பழி போட்டுவிட்டு இருக்கவும் கூடாது. பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அரிவாள் வடிவாகும் பரம்பரை நோய், இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான் இந்தியாவில் முதலில் அது பதிவானது. நோயாகவே இல்லாமல் ஒற்றை மரபணு மட்டும் சுமப்பவருக்கும் சிறுநீரில் ரத்தம் வரலாம்.

வீட்டுக்கு 100 பட்டைப் புட்டி வீண்செலவு, பாதி தீருவதற்குள் கெட்டுவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். எஸ்டேட் டிஸ்பென்சரி, லேபுக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய ஊரின் நர்ஸ் என்றால் தாராளமாக வாங்கலாம், பொருளுக்கு 5க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். ரத்தக் கட்டி விழுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பாம்புக்கடிக்குப் பின் சிவப்பு, இவற்றில் எது இருந்தாலும் பட்டையைத் தேடிக்கொண்டிருக்காமல் வண்டி பிடியுங்கள், இல்லையென்றால் 108.