ஃபிட்டிக்கோடு எட்டு வருடம்: காலிக் கட்டத்தில் தொடங்கிய பழக்கம்

"சார், ஓப்பன் ஆயிட்டு. ஆனா உள்ள ஒண்ணும் இல்லியே."

எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வருடம் தவறாமல் இதைச் சொல்லிவிடுவார். அளவீட்டுப் புள்ளிகளுக்கு வளைகோடு பொருத்தும் ஃபிட்டிக்கை முதல்முறை திறந்தால் அப்படித்தான் இருக்கும். "வாங்க, இங்க கிளிக் பண்ணுங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போகிற மென்பொருள் இல்லை இது. எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் நாகர்கோவிலில் எங்கள் ஆய்வகத்தில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து விழித்தவன்தான்.

எங்கள் வேலை மணல். மணவாளக்குறிச்சி, சின்னவிளை, கடியபட்டணம் பக்கத்துக் கடற்கரையில் கருமணலோடு மோனசைட் என்ற தாதுவும் கலந்து கிடப்பது ஊரறிந்த விஷயம். (1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் இதைக் கண்டுபிடித்ததே கயிற்றில் ஒட்டிப் போன மணலில் இருந்துதான் என்பார்கள்.) மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. சோடியம் அயோடைடு டிடெக்டரில் காமா நிறமாலை (எந்த ஆற்றலில் எத்தனை கதிர் என்ற வரைபடம்) எடுத்தால் 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், தோரியம் சிதைந்து வரும் தாலியம்-208-இன் மேடு தனியாக, அழகாக நிற்கும். கீழே வர வர ஒன்றின் தோளில் ஒன்றாக நெரிசல். அந்த நெரிசலைப் பிரிக்கத்தான் ஃபிட்டிக்.

மார்சின் வோய்டிர் எழுதிய திறமூல மென்பொருள் இது. உபுண்டுவில் ஒரே வரியில் நிறுவிவிடலாம். திறந்ததும் பெரிய படப் பகுதி ஒன்று, அதற்குக் கீழே ஒல்லியாக இன்னொன்று, வலதுபுறம் டேட்டா, ஃபங்ஷன் பட்டியல்கள், அடியில் கட்டளை தட்டும் இடம். புதிதாக வருபவரின் கண் மேலே மெனுவுக்குத்தான் போகும். நான் சொல்வது, "மக்ளே, அடியில பாரு."

அடியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ஜன்னலின் கீழ் ஓரத்தில் வரும் மவுஸ் குறிப்பு. மவுஸுக்கு இதில் பல அவதாரம் உண்டு. ரேஞ்ச் பயன்முறையில் இடது பட்டனால் இழுத்தால் புள்ளிகள் கணக்கில் சேரும், வலதால் இழுத்தால் விலகும். பேஸ்லைன் (மேடுகளுக்கு அடியில் ஓடும் கோடு) பயன்முறையில் இடது கிளிக் புள்ளி வைக்கும், வலது அழிக்கும். பீக் (மேடு) சேர்க்கும் பயன்முறைக்குப் போனால் கதை மறுபடியும் மாறும். இப்போது எந்த அவதாரம் என்பதை அந்த ஓரம்தான் சொல்லும். அதைப் பார்க்காமல் முதல் வாரம் முழுக்க, பெரிதாக்கிப் பார்க்க நினைத்து இழுத்து இழுத்து பாதி டேட்டாவை மங்கவைத்துக்கொண்டிருந்தேன். புள்ளிகள் அழிந்துவிட்டன என்று பயந்து கோப்பை மறுபடி மறுபடி ஏற்றியதும் உண்டு. அழியவில்லை, கணக்கிலிருந்து ஒதுங்கி நின்றன, அவ்வளவுதான்.

இரண்டாவது, கட்டளைப் பெட்டிக்கு மேலே ஓடும் எழுத்துகள். மெனுவில் நாம் எதைத் தொட்டாலும் அதற்கு ஈடான கட்டளை அங்கே வந்து விழும். கோப்பைத் திறந்தால் ஒரு வரி, 'கெஸ்' கொடுத்தால் ஒரு வரி, 'ஃபிட்' கொடுத்தால் ஒரு வரி. நான் கையேடு படித்துக் கற்கவில்லை, இந்த வரிகளைப் படித்தே கற்றேன். அப்புறம் அதே வரிகளை ஒரு கோப்பில் சேர்த்துவைத்து, நாற்பது மணல் மாதிரிகளை ஒரே மூச்சில் ஓட்டினேன்.

சரி, வாங்கிக் கட்டிக்கொண்ட கதைக்கு வருவோம். முதல் மாதம் சீசியம்-137 கதிர்வீச்சு மூலத்தை வைத்து, அதன் 662 மேட்டில் காஸியன் (மணி வடிவ வளைகோடு) பொருத்தினேன். அகலத்தை ஆற்றலால் வகுத்தேன், பிரிதிறன் 3.6 சதவீதம்! இந்த எண் குறையக் குறைய நல்லது; சோடியம் அயோடைடுக்கு 7 வந்தாலே நல்ல டிடெக்டர். அதைவிட நுணுக்கமான லாந்தனம் புரோமைடு டிடெக்டருக்கு வர வேண்டிய எண் நம் பழைய பெட்டியில் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கிக்கொடுத்தேன். மறுநாள் சீனியர் ஒருவர் திரையைப் பார்த்து, "இது பாதி உயரத்துல பாதி அகலம்லா" என்றார். ஆமாம், ஃபிட்டிக்கின் காஸியனில் உயரம், மையம், மூன்றாவதாக அரை அகலம். முழு அகலம் வேண்டுமென்றால் இரண்டால் பெருக்க வேண்டும். பழம்பொரிக் காசு போனதுதான்.

இன்னொன்று இதைவிட மோசம், ஏனென்றால் வருடக்கணக்கில் தெரியாமலே இருந்தது. பிழை எவ்வளவு என்று நாம் சொல்லாவிட்டால் ஃபிட்டிக் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் மதிப்பின் வர்க்கமூலத்தைப் பிழையாக எடுத்துக்கொள்ளும், ஒன்றுக்குக் குறையாமல். கதிர்வீச்சு எண்ணிக்கைக்கு இது கச்சிதம். நானோ பின்னணியை எக்செலிலேயே கழித்துவிட்டு, மீதியைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். 900 எண்ணிக்கை இருந்த சேனலின் பிழை 30. 800-ஐக் கழித்து 100 ஆக்கிக் கொடுத்தால் அது 10 என்று நம்பிவிடுகிறது. நான் பொய் சொன்னேன், அது நம்பியது. இப்போது கழிப்பதே இல்லை. பின்னணியையும் ஒரு சார்பாகச் சேர்த்து மொத்தமாகப் பொருத்துகிறேன்.

கற்றதில் எனக்கு மிகவும் பிடித்தது பூட்டு, அதாவது ஒரு எண்ணைப் பொருத்தும்போது மாறாமல் நிறுத்திவைப்பது. தாலியத்தின் 583-உம் பிஸ்மத்-214-இன் 609-உம் எங்கள் டிடெக்டருக்கு ஒரே மேடுதான். இரண்டு காஸியன் போட்டு விட்டுவிட்டால் ஒன்று மற்றதை விழுங்கி ஓரமாக ஓடிவிடும். மையங்கள் எங்கே என்று தெரிந்ததால் அந்த இரண்டையும் பூட்டி, அகலம் இரண்டுக்கும் ஒரே மாறி என்று கட்டிவிட்டால் பிள்ளைகள் சண்டையை நிறுத்திவிடும். ஒழுங்காகப் பொருந்தியதா என்பதற்குக் கீழே இருக்கும் ஒல்லிப் படத்தைப் பாருங்கள். எச்சம் (டேட்டாவுக்கும் வளைகோட்டுக்கும் உள்ள வித்தியாசம்) அங்கே புல்தரை மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டும், அலை அடிக்கக் கூடாது.

ஆனால் மென்பொருள் எல்லாவற்றையும் தீர்க்காது. பொட்டாசியம்-40-இன் 1461-க்கு அடியிலேயே ஆக்டினியம்-228-இன் 1459 ஒளிந்திருக்கிறது. தோரியம் மண்டிய நம் மணலில் அதை ஃபிட்டிக்கால் மட்டுமில்லை, சோடியம் அயோடைடை வைத்துக்கொண்டு யாராலும் பிரிக்க முடியாது. எந்த பூட்டும் அங்கே உதவாது. ஆக்டினியத்தின் 911-ஐ வைத்துக் கணக்குப் போட்டுத்தான் கழிக்க வேண்டும்.

குறை என்றால், ஆய்விதழுக்குப் போகும் படத்தை இதில் தயாரிக்க எனக்கு மனம் வருவதில்லை. எண்களை வெளியே எடுத்து க்னுபிளாட் என்ற வரைபட மென்பொருளில் வரைகிறேன். செஷனைச் சேமித்தால் டேட்டாவும் சேர்ந்தே ஒரே கோப்பில் போய்விடுகிறது என்பதால், போன ஐப்பசி மழையில் பகல் முழுக்க கரண்ட் வந்து வந்து போனபோதும் கால் மணி நேர வேலைக்கு மேல் தொலையவில்லை. அந்தக் கால் மணி நேரமும், சேமிக்கச் சொன்னதை நான் கேட்காததால் போனது. சொன்னது, முந்தின வாரம் "ஒண்ணும் இல்லியே" என்ற அதே மாணவி.